ஒரு பல்லும் இரண்டு வாளி மண்ணும்

அவைத் தலைவரும், எங்கள் அகழாய்வுக் குழியின் தலைவியுமான பேராசிரியை அம்மா அவர்களே! திரைக் கயிற்றைப் பிடித்தபடி காத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! குனிந்து குனிந்து கூன் விழுந்தும் குறும்பு குறையாத என் கூட்டாளிகளே! முதல் வரிசையில் அமர்ந்து முதல் கொட்டாவியையும் விட்டுவிட்ட என் வீட்டுக்காரரே! அனைவருக்கும் இந்தச் சல்லடைக்காரியின் வணக்கம்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு பலகை. பலகையில் ஒரே ஒரு வரி: ‘இக்கல்கருவிகளைச் செய்தவர்கள் பெரும்பல் மாந்தர்.’ அந்த வரி வெளிச்சத்துக்கு வருமுன் நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.

பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் இரண்டு வகை மாந்தர் ஒரே காலத்தில் நடமாடினார்களாம். ஒரு வகைக்குப் பல் பெரிது. மற்றதற்கு மூளை பெரிது. கல்லை உடைத்துக் கத்தியாக்கியது எந்தக் கை? பெரும்பல்லார் என்றார் அம்மா. பெருமூளையார் என்றார் இன்னொரு பேராசிரியர், நாங்கள் கண்ணாடி ஐயா என்று அழைப்பவர். இருவரும் ஒரே குழியில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். சாப்பாட்டு வேளையில்கூட ஓயமாட்டார்கள்.

“அவ்வளவு பெரிய பல்லு இருக்கறவனுக்குக் கத்தி எதுக்கும்மா? வாயே கத்திதானே!”

“மூளை சின்னதா இருந்தா கை இருக்காதா ஐயா? பேசாம சாப்பிடுங்க.”

அப்போதுதான் என் சல்லடையில் அந்தப் பல் விழுந்தது. புளியங்கொட்டை போல் இரண்டு பங்கு! எந்த அடுக்கு மண் என்று எழுதிக் கட்டும் அட்டையைப் பார்த்தார்கள்: கருவிகள் கிடந்த அதே கீழ்மண். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது! அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். ஐயா எந்தக் கூட்டத்தில் வாயைத் திறந்தாலும், “பல்லே சாட்சி சொல்லிருச்சு, நீங்க எதுக்குங்க பேசறீங்க?” என்று சிரித்தார்கள். அவர் குழிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இன்று கடைசி வரிசையில், கதவோரம், எப்போது எழுந்து போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறார்.

பெரியோர்களே, ஒரு சின்னக் கேள்வி. என் அடுப்பங்கரையில் கரண்டிக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். சமைத்தவர் அவரா?

(யாரங்கே, “நல்லாக் கேளுக்கா”ன்னு குரல் கொடுக்கறது? நீ வீட்டுக்குப் போ, உன் பொண்டாட்டி உன்னை நல்லாக் கேட்பா!)

கத்திக்குப் பக்கத்தில் பல் கிடந்தால், பல்லுக்காரன் கத்திக்குச் சொந்தக்காரனா, விருந்துக்கு வந்தவனா, அல்லது அந்த விருந்தே அவன்தானா? கல்லைக் கேட்டேன், கல் பேசவில்லை. பல்லைக் கேட்டேன், பல்லும் பேசவில்லை. ஆனால் பேச வேண்டிய வாய் ஒன்று உண்டு. அது என் வாய்.

எங்கள் வேலைக்கு ஒரே ஒரு சட்டம்: ஒரு வாளி மண்ணுக்கு ஒரு அட்டை, தனியாக ஒரு சலித்தல். பல் கிடைத்த அன்று மழைத்துளி விழுந்தது. குழியிலிருந்து இரண்டு வாளி ஏறி வந்தன. ஒன்று மேல்மண், ஒன்று கீழ்மண். நிறத்தில் இரட்டைப் பிள்ளைகள்.

என் வீட்டுக்காரர் குழிக்குள்ளிருந்து கத்தினார்: “ஏய், ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிராதடி!”

“நீங்க தோண்டற வேலையைப் பாருங்க, சலிக்க எனக்குத் தெரியும்!” என்றேன்.

கொட்டினேன். ஒன்றாகத்தான் கொட்டினேன். பல் துள்ளி மேலே வந்தபோது, கைக்கு அகப்பட்ட அட்டையைக் கட்டினேன். அது கீழ்மண் அட்டை.

(அமைதி, அமைதி! என் வீட்டுக்காரர் மேல் கோபப்படாதீர்கள். “போய்ச் சொல்லு, போய்ச் சொல்லு”ன்னு இந்த மனுஷன் ஒரு வருஷமாக் காதைத் தின்னுட்டார்.)

ஏன் சொல்லவில்லை? அம்மா அப்படி மகிழ்ந்து நான் பார்த்ததில்லை. மகிழ்ந்து அழுபவரிடம் மண் கலந்த கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே நாள் ஓடியது. ஆனால் பலகை ஏறிய பொய் பள்ளிப் பிள்ளையின் நோட்டில் ஏறும். நோட்டில் ஏறியது நாவில் ஏறும். நாவில் ஏறியதை எந்தச் சல்லடை போட்டுச் சலிப்பது?

கண்ணாடி ஐயா, சிரிக்க வேண்டாம்! உங்கள் ஆள் செய்தான் என்றும் நான் சொல்லவில்லை. தெரியாது என்றுதான் சொல்கிறேன்.

அம்மா எழுந்துவிட்டார். என்னம்மா கேட்கிறீர்கள்?

“எந்த வாளி? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

ஒரு வருஷம் யோசிச்சுட்டேம்மா. சத்தியமாத் தெரியாது. உங்க முகத்துக்காக ஒண்ணைச் சொன்னா, அது ரெண்டாவது பொய் ஆயிரும்.

...

பாருங்கள் பெரியோர்களே! அம்மா கயிற்றைத் தம் கையில் வாங்கிவிட்டார். இழுக்கவில்லை, ஆணியில் சுற்றிக் கட்டுகிறார். அம்மாவின் குரல் எட்டாத உங்களுக்காக அவர் சொன்னதை நான் சொல்கிறேன்: “பலகை வேணாம். அடுத்த வாரம் மறுபடி குழியைத் திறக்கறோம். ஐயா, அங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க? மேல வாங்க, சண்டை பாக்கி இருக்கு.”

ஐயா வருகிறார்! வழி விடுங்கள், தாய்மார்களே, காலை மடக்கிக்கொள்ளுங்கள்!

இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும், என்றோ ஒரு பகலில் அந்தக் கல்லை உடைத்த, பெயர் தெரியாத அந்தக் கைக்கும் என் நன்றி. வணக்கம்.