மூன்று பெயர்களில் ஒரு வீடு

தலைமைப் பொறுப்பைத் தம் தோளில் தாங்கி வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய பத்மஜா அம்மையார் அவர்களே. எளியவர் வழக்கைத் தம் வழக்காக எண்ணி வாதாடும் வழக்கறிஞர் ராஜலக்ஷ்மி அவர்களே. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் சான்றோர் பெருமக்களே. தைத்தும் துவைத்தும் சுமந்தும் சமைத்தும் இந்த மாநகரத்தை நாள்தோறும் நடக்க வைத்துக்கொண்டிருக்கும் என் தாராவித் தாய்மார்களே. அலுவலகம் முடிந்து, அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருக்கும் அன்புத் தங்கைகளே. உட்கார இடமின்றி வாசலில் நிற்கும் அண்ணன்மார்களே, உங்கள் அனைவரின் முன்பும் உமாமகேஸ்வரி என்னும் இந்தப் பள்ளி ஆசிரியை கைகூப்பி நிற்கிறேன்.

மைக் அண்ணா, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இன்று நான் முழங்க வரவில்லை.

"பெண்ணுக்குப் பொருளாதார விடுதலை" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளம் விடுதலையா? சம்பளத்தை வாங்கி இன்னொருவர் கையில் கொடுப்பவளுக்கு அது விடுதலையா? நகை விடுதலையா? கழுத்தில் இருக்கும்வரை அழகு, கஷ்டம் வந்தால் அடகு. அப்படியானால் எதுதான் விடுதலை? இதற்கு விளக்கம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் நான் கண்ணால் கண்ட ஒருத்தியின் கதையைச் சொல்லத் தெரியும்.

அவர் பெயர் தங்கமயில். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தலையைக் குனியாதீர்கள் அக்கா. சொல்லட்டுமா என்று கேட்டேன், "என்னமும் சொல்லு, அழ மட்டும் வச்சிராத" என்றார். முயல்கிறேன்.

திருநெல்வேலிச் சீமையில், வள்ளியூருக்குப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர் அவர். கணவர் சுடலைமுத்து டெம்போ ஓட்டினார். கீழே ஓர் அறை, செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் மேலே ஓர் அறை. இதுதான் அவர்கள் உலகம். ஒரு மழைநாளில் சரக்கு இறக்கப் போன சுடலைமுத்து நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாகி, உயிரில்லாமல் வீடு வந்தார். அக்காவின் இடுப்பில் அப்போது கைக்குழந்தை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், கணவரின் அண்ணன் இசக்கிராஜ் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: "ஏ தங்கமயிலு, ஒத்தப் பொம்பளையா இந்த ஊர்ல என்ன செய்யப் போற? ரூம வித்துட்டு வந்துரு. ஒனக்கும் பிள்ளைக்கும் கஞ்சி ஊத்த வேண்டியது எம் பொறுப்பு."

கெட்ட எண்ணத்தில் சொன்ன சொல் அல்ல அது. தம்பியைப் பறிகொடுத்தவரின் தழுதழுத்த சொல். அதனால்தான் அதை மறுப்பது கடினமாக இருந்தது.

அக்கா சொன்னார்: "நீங்க ஊத்துவிய அத்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு எம்புள்ள ஒரு பென்சில் கேட்டா, அதுக்கும் நான் உங்க மொகத்தத்தான் பாக்கணும். ரூமு இருக்கட்டும். எம் பேருக்கு மாத்த மட்டும் உதவி செய்யுங்க."

இசக்கிராஜ் வருத்தத்தோடுதான் போனார். ஆனால் பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அதன்பின் அக்கா கீழறைக்குள் தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டு மேலறையை வாடகைக்கு விட முடிவு செய்தார். யார் யாரோ வந்தார்கள். பை தைக்கும் பட்டறை போடுகிறேன், கை நிறைய டெபாசிட் தருகிறேன் என்றார் ஒருவர். அதே நாளில் நானும் போனேன். தென்காசியிலிருந்து ஆசிரியை வேலைக்கு வந்து, தங்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த காலம். எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே பதில்: "ஃபேமிலிக்குத்தான் கொடுப்போம்." தனியாக வாழும் பெண்ணுக்கு வேலை கொடுக்க இந்த நகரம் தயங்குவதில்லை. கதவு திறக்க மட்டும் ஏன் தயங்குகிறது? சொல்லுங்கள் தாய்மார்களே, ஏன் தயங்குகிறது?

ஆமாம் தங்கச்சி, நீ தலையாட்டுவது தெரிகிறது. நீயும் தட்டியிருப்பாய் அந்தக் கதவுகளை.

எனக்குப் பின்னால் இன்னொரு பெண் நின்றாள். மேலப்பாளையத்துப் பெண், மருத்துவமனை ஒன்றில் செவிலி. வாசலிலேயே நின்று சொன்னாள்: "அக்கா, எம் பேரு சஃப்ரீன். பேரக் கேட்டுட்டு அப்புறமா வேண்டாம்னு சொல்றாங்க. உங்களுக்கும் அப்படின்னா இப்பவே சொல்லிருங்க, நான் போயிருதேன்."

அக்கா அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "ராத்திரி டூட்டியா, பகல் டூட்டியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் மாறி மாறி வரும்க்கா."

"அப்ப ஆளுக்கொரு சாவி போடணும்லா. வா, உள்ள வா."

அவ்வளவுதான். பெரிய டெபாசிட் வந்த வழியே போயிற்று. நாங்கள் இரண்டு பெண்களும் ஏணியேறிப் போனோம்.

எங்கள் வாடகையிலிருந்து அக்கா ஒரு நாளும் அரிசி வாங்கவில்லை. பிளவுஸ் தைத்தார், அந்தக் கூலியில் அடுப்பு எரிந்தது. வாடகை வங்கிக்குப் போனது. உடல் உழைத்தால் உணவு, உறைவிடம் உழைத்தால் உயர்வு என்று பிரித்து வைத்திருந்தார் அவர். அக்கம்பக்கம் பேசாமல் இருந்ததா? "வயசுப் பிள்ளைகள வச்சு என்ன தொழில் நடத்துதா" என்று பேசியது. அந்தப் பேச்சு அவர் காதுக்கும் வந்தது. கேட்ட நாளில் தையல் மிஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

ஆண்டுகள் ஓடின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளையோடு நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா திடீரென்று கேட்டார்: "நீங்க ரெண்டு பேரும் குடுத்த வாடக எனக்குன்னு சேந்துட்டு. உங்களுக்குன்னு என்ன சேந்துச்சு?"

அன்பர்களே, வாடகை வாங்கும் ஒருவர் வாடகை கொடுப்பவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. வாடகையை ஏற்றட்டுமா என்று கேட்பவர் உண்டு. காலி செய்கிறாயா என்று கேட்பவர் உண்டு. உனக்கு என்ன சேர்ந்தது என்று கேட்ட ஒருவரை நான் அன்றுதான் கண்டேன்.

நான் சொன்னேன்: "எனக்கு அப்பா போட்ட நகை இருக்குக்கா. வேற ஒண்ணும் இல்ல."

சஃப்ரீன், "எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

"அப்ப மூணு பேரும் சேந்து ஒரு வீடு வாங்குவோம்" என்றார் அக்கா. "நாம குடியிருக்க வேண்டாம். நம்மள மாதிரி வேலைக்குப் போற பிள்ளைகளுக்கு விடுவோம். அவங்க வாடகையில கடன் அடையட்டும்."

வங்கிக்குப் போனோம். "மூன்று பேரும் என்ன உறவு?" என்று கேட்டார் அதிகாரி. அக்கா, தங்கை என்றோம். மூன்று பெயர்களையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். உறவில்லாதவர்களுக்குச் சேர்த்துக் கடன் கொடுக்க விதியில்லை என்று தன்மையாகத்தான் சொன்னார். வெளியே வந்தோம். சஃப்ரீன் தன் மருத்துவமனை ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் தன் பெயரில் கடன் எடுத்தாள். அக்கா சேமிப்பைக் கொடுத்தார். நான் நகையை விற்றேன். தென்காசியிலிருந்து என் அப்பா, "கல்யாணத்துக்குப் போட்டதை வித்துட்டு எவன் வீட்ல போய் நிக்கப் போற?" என்று போனில் கேட்டார். "எவன் வீட்லயும் இல்லப்பா, எங்க வீட்ல" என்றேன். நெடுநாள் என்னோடு பேசவில்லை அவர்.

நவி மும்பையில், கோபர்கைரனேயில் ஒரு சிறிய வீடு. மேடையில் இருக்கும் இந்த ராஜலக்ஷ்மி அம்மையார்தான் எங்களை எதிரே உட்கார வைத்து, கேட்கக் கூச்சமான கேள்விகளையெல்லாம் கேட்டார். ஒருத்திக்குக் கல்யாணம் ஆனால் என்ன? சண்டை வந்தால் என்ன? ஒருத்தி இல்லாமல் போனால் என்ன? கடைசிக் கேள்விக்குச் சஃப்ரீன் சிரித்துக்கொண்டே, "என் பங்கு எங்க உம்மாவுக்கு" என்றாள். அனைத்தும் எழுத்தானது. மூன்று பெயர்களும் பத்திரத்தில் ஏறின. நான்கு பெண்கள் குடிவந்தார்கள். வாடகை வந்தது, தவணை போனது, வாழ்வு நகர்ந்தது.

பிறகு கொரோனா வந்தது.

தாராவி எப்படி இருந்தது என்று தாராவிக்கு நான் சொல்ல வேண்டாம். கோபர்கைரனே வீட்டுப் பெண்கள் ஊருக்குப் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. வாடகை நின்றது, தவணை நிற்கவில்லை. சஃப்ரீன் வீட்டுக்கே வராமல் மருத்துவமனையில் கிடந்தாள். பிறரைக் காக்கப் போனவளை அந்த நோய் பிடித்துக்கொண்டது. கட்டிலிலிருந்து எங்களை அழைத்தாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

"அக்கா, தவண எம் பேர்ல இருக்கு..."

"நீ மூச்ச விடுதத மட்டும் பாரு தாயி" என்றார் அக்கா. "வீட்ட நாங்க பாத்துக்கிடுதோம்."

அதுதான் அவள் எங்களோடு பேசிய கடைசிப் பேச்சு. அவள் முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை.

தண்ணீர் வேண்டாம் தலைவர் அவர்களே. பேசிவிடுகிறேன்.

சங்கத்துக் கடனை நாங்கள் கட்டினோம். அக்கா முகக்கவசம் தைத்தார். நான் செல்பேசியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். போதவில்லை. விற்றுவிடலாமா என்று இருவருமே யோசித்தோம்; ஒருவரிடம் ஒருவர் சொல்லத்தான் பயந்தோம். அப்போது ஊரிலிருந்து இசக்கிராஜ் பணம் அனுப்பிவிட்டுப் போன் செய்தார். "அன்னைக்கு நான் விக்கச் சொன்னேன். இன்னைக்குச் சொல்லுதேன் தங்கமயிலு, வித்துராத." அக்கா போனை வைத்துவிட்டு, அந்தப் பணத்தை அப்படியே தவணைக்குக் கட்டினார்.

நோய் ஓய்ந்து, வீட்டுக்கு மறுபடி ஆள் வந்த பிறகு, மேலப்பாளையத்திலிருந்து சஃப்ரீனின் உம்மாவும் அவள் அண்ணன் அப்துல் ரவூபும் வந்தார்கள். ரவூபின் கடை நொடித்துப் போயிருந்தது. அவர் ஒளிக்காமல் சொன்னார்: "தப்பா நெனக்காதீங்க. பம்பாய்ல ஒரு வீட்டுல பங்க வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய? வித்து எங்க பங்கக் குடுத்துருங்க."

அவர்கள் விற்கச் சொன்னால் எங்களால் அந்தப் பங்கை வாங்க முடியாது. வீடே கைவிட்டுப் போகும். அக்காவோ கெஞ்சவில்லை, வாதாடவில்லை.

"வித்தாலும் சஃப்ரீன் பங்கு கொறையாம வரும். வச்சிருந்தா மாசாமாசம் வாடக உம்மா பேருக்கு வரும். எதுன்னு உம்மா சொல்லட்டும். நாங்க சொல்லப்படாது."

அந்தத் தாய், "எம்மவ எங்கன படுப்பா?" என்று மட்டும் கேட்டார். மேலே கையைக் காட்டினேன். அந்த வயதில், முட்டிவலியோடு, இரும்பு ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் ஏறினேன். ஜன்னலோரம் அவள் பாயை விரிக்கும் இடத்தைக் காட்டினேன். அங்கே உட்கார்ந்து, தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். கீழே தையல் மிஷின் சத்தம்கூட இல்லை.

இறங்கி வந்து மகனிடம் சொன்னார்: "ரவூபு, நான் எம்புள்ளைக்குன்னு ஒண்ணுமே சேத்து வைக்கல. அவ எனக்குச் சேத்து வச்சிட்டுப் போயிருக்கா. அத விக்கச் சொல்லாத வாப்பா."

அப்துல் ரவூப் தலை கவிழ்ந்து அழுதார். அன்று மாலையே ராஜலக்ஷ்மி அம்மையார் முன்னிலையில், பங்கு தாய்க்கே என்று சம்மதக் கையெழுத்திட்டார். கடன் இப்போது அடைந்துவிட்டது. மாதந்தோறும் மேலப்பாளையத்துக்கு வாடகைப் பங்கு போகிறது. அந்தப் பணத்தில் உம்மா தன் பேத்தியை, ரவூபின் மகளை, கல்லூரியில் சேர்த்திருக்கிறார். யாரிடமும் கேட்டுச் சேர்க்கவில்லை, சேர்த்துவிட்டுச் சொன்னாராம்.

பெரியோர்களே, தாய்மார்களே. இந்தத் தாராவி நாளை எப்படி மாறும், எங்கே மாறும் என்று வீதிக்கு வீதி பேச்சாக இருக்கும் காலம் இது. இந்தக் காலத்தில் உங்களை நான் கேட்பது ஒன்றே. நீங்கள் பெருக்கும் அறை யார் பெயரில் இருக்கிறது? நீங்கள் வெள்ளையடித்த சுவர் யார் பெயரில் இருக்கிறது? தனியாக முடியாதென்றால் சேர்ந்து வாங்குங்கள். சேர்வதற்குச் சொந்தம் தேவையில்லை, சாதி தேவையில்லை, சமயம் தேவையில்லை; நம்பிக்கை தேவை, அந்த நம்பிக்கையையும் வெட்கப்படாமல் எழுதி வைக்கும் நாணயம் தேவை. இன்பத்தில் எழுதுங்கள், அது துன்பத்தில் பேசும். இருக்கும்போது எழுதுங்கள், அது நாம் இல்லாதபோதும் பேசும். கூலி கொடுப்பவன் நிறுத்தலாம். கொண்டவன் போகலாம். உயிரே போகலாம். எழுதிய பெயர் நின்று, நாம் நேசித்தவர்களை நிமிர வைக்கும். பெண்ணே, உன் பெயரை எழுது.

பொறுமையாகச் செவிகொடுத்த உங்களுக்கும், பேச வாய்ப்பளித்த மகளிர் மன்றத்துக்கும், தன் வாழ்க்கையைப் பொதுவில் வைக்கச் சம்மதித்த தங்கமயில் அக்காவுக்கும், மேலப்பாளையத்தில் இருக்கும் அந்தத் தாய்க்கும் என் நெஞ்சின் நன்றியைப் படைத்து, சஃப்ரீனை ஒரு கணம் நினைத்து, அமர்கிறேன். வணக்கம்.