நாலாவது பாட்டு

— கீழ படியில நின்னு நீங்க ரெண்டு பேரும் வாசிச்சத முழுசா கேட்டேன் அண்ணி. முதல் தட்டுலேர்ந்து கடைசித் தட்டு வரைக்கும்.

— நீ எப்ப வந்த? கண்ணாடிக் கடையில இன்னிக்கு வேலை இல்லையா உனக்கு?

— முதலாளி சீக்கிரம் கடையச் சாத்திட்டாரு. பஸ்ஸுக்கு நிக்கறேன், எதிர்ல நூலகச் சுவத்துல நோட்டீஸ். ‘சனிக்கிழமை மாலை, பூங்கா மேடை, புதிய இசைக் குழுக்கள்’. கடைசிப் பேரு நம்மளது. ‘அரைகுறை’ன்னு பேரு வெச்சுக்கிட்டு ஊர்ல வேற எவனாவது இருப்பானா என்ன?

— கவிஞரே, முதல்ல உள்ள வா கண்ணு. வாசல்ல நின்னு பேச வேணாம். அந்த யூனிஃபார்ம் மூட்டை மேல உட்காரு.

— நீங்க பேசாதீங்க டீச்சர். அண்ணிகூட வீட்டு ஆளு, ஏதோ கோவம்னு விட்டுடலாம். நீங்களுமா? ‘இந்தத் தடவை மேடை கிடையாதாம், பாவம்’னு என் தலையத் தடவிக் குடுத்தீங்களே!

— தடவினேன்தான். தப்புதான். கொஞ்சம் பொறுமையா, ஒவ்வொருத்தரா பேசலாமா?

— இது உங்க பாலர் வகுப்பு இல்ல டீச்சர்.

— இந்தா பாரு, அவங்க மேல எரிஞ்சு விழாத. மேடை இல்லன்னு உன்கிட்ட பொய் சொன்னது நான். அவங்களைச் சொல்ல வெச்சதும் நான். கேக்கறதெல்லாம் என்னைக் கேளு.

— ஒரே வீடு. ஒரே மேசையில சாப்பிடறோம். நேத்து ராத்திரி என் தட்டுல நீங்கதான் பரிமாறினீங்க. அப்பக்கூட வாய் வரலையா உங்களுக்கு?

— வரல.

— நான் இல்லாதப்ப எத்தனை நாளா இப்படி வாசிக்கறீங்க?

— உனக்குக் கடையில வேலை இருக்கற சாயங்காலம் எல்லாம். கீழ தையல் மெஷினை நிறுத்திட்டு மேல வந்துடுவேன். டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு நேரா வருவாங்க.

— ஏன்?

— ஏன்னா நீ இருந்தா வாசிக்க முடியல, அம்மா தாயே. நிஜமா முடியல. முதல்ல பழைய பாட்டு பழகறது, அதுக்கப்புறம்தான் புதுசுன்னு நாம மூணு பேரும் சேர்ந்துதான பேசினோம்? நீ படியேறும்போதே ‘புதுசா ஒண்ணு வந்திருக்கு, கேளுங்க கேளுங்க’ன்னுதான் ஏறுவ. பாட்டைப் பெத்துப் பெத்துப் போட்டுட்டுப் போயிட்டே இருக்க. வளர்க்கறது யாரு?

— வந்துச்சுன்னா நான் என்ன பண்றது அண்ணி? லென்ஸ் துடைக்கும்போது வருது. சத்தியமா நானா தேடிப் போறதில்ல. அப்பவே பாடி வெச்சுக்கலன்னா போயிடும். நாம எழுதலன்னா நாம யாரு? அடுத்தவன் பாட்டைப் பாடற இன்னொரு கூட்டம். பழகறது எப்ப வேணா பழகலாம்.

— எப்ப வேணான்னா எப்ப? ‘ரெண்டாவது சாவி’யில நான் ஒரு இடத்துல தடுக்கி விழறேன். விழுந்த இடத்துலயே கிடக்கறேன். எழுப்பி விட ஆள் இல்ல. நீ அதுக்குள்ள அந்தப் பாட்டோட நடு வரியை மாத்திட்டு வந்து நிக்கற.

— கண்ணு, நானும் சொல்லிடறேன். எனக்கு இந்த வயசுல கீபோர்டுல விரல் புதுசா படியணும். ஒரு பாட்டை நீ மூணு விதமா மாத்தினா, மேடையில என் விரல் எந்தப் பாட்டுக்குப் போகும்னு எனக்கே தெரியாது.

— இத என் மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாம்ல? ‘வாய மூடிட்டு கிட்டாரை எடு’ன்னு சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேனா?

— சொன்னேன். நீ சிரிச்ச. சிரிச்சிட்டு புதுசு ஒண்ணு பாடின.

— சரி. சனிக்கிழமை என்னென்ன பாடப் போறீங்க? அதையாவது சொல்லுங்க.

— ‘மொட்டைமாடி’, ‘ரெண்டாவது சாவி’, அப்புறம் ‘ஈரத்துணி’.

— மூணும் என்னோடது.

— ஆமா கண்ணு.

— என் பாட்டு வேணும். நான் வேணாம்.

— அப்படிச் சொல்லாத.

— வேற எப்படிச் சொல்றது டீச்சர்? நீங்கதான பாடறீங்க? கேட்டேன். ‘ஈரத்துணி’ய கைதட்டி ஆடற குழந்தைப் பாட்டு மாதிரி பாடறீங்க. அது அழுகைப் பாட்டு. அது எங்க உடையணும்னு எனக்குத்தான் தெரியும். என் பிள்ளைக்கு வேற யாரோ தலை சீவி விட்ட மாதிரி இருந்துச்சு, கீழ நின்னு கேக்கறப்ப.

— நான் நல்லாப் பாடலன்னு எனக்கும் தெரியும். எனக்கு இதுல ஒரு சந்தோஷமும் இல்ல.

— அப்ப ‘வாசல்’ எங்க? நீங்க கேட்டுட்டு கண்ணத் துடைச்சீங்களே டீச்சர், அந்தப் பாட்டு? இருக்கறதுலயே உருப்படியானது அது ஒண்ணுதான். அத ஏன் விட்டீங்க?

— நானும் அதத்தான் கேட்டேன். அது இருந்தா போதும், மத்தது எப்படி இருந்தாலும் ஜனம் மன்னிச்சிடும்னேன். உங்க அண்ணிதான்…

— டீச்சர், உங்க பஸ் போயிடும்.

— அடுத்த பஸ் இருக்கே.

— போயிடும் டீச்சர்.

— சரி. சரி, நான் கிளம்பறேன். கவிஞரே, சனிக்கிழமை நீதான் பாடணும்னு நான் முதல் நாள்லேர்ந்து சொல்லிட்டு இருக்கேன். நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். ரெண்டு பேரும் கத்தாதீங்க. கீழ கடை திறந்திருக்கு.

— பாத்துப் போங்க. அந்தக் கடைசிப் படி ஆடும்.

— …போயிட்டாங்க. இப்ப சொல்லுங்க அண்ணி. ‘வாசல்’ ஏன் வேணாம்?

— பழகல. கை படியல.

— பொய். அந்த ஒரு பாட்டுலதான் உங்களுக்கு அடி தப்பவே இல்ல. முதல் தடவையே தப்பல. நான் அசந்து போயிட்டேன். ரெண்டாவது தடவை பாடறதுக்குள்ள ஸ்டிக்கைக் கீழ வெச்சிட்டு, கடையில ஆள் வந்திருக்குன்னு இறங்கிப் போனீங்க. ஆள் வரல. நான் ஜன்னல் வழியா பாத்தேன்.

— நீ எல்லாத்தையும் பாக்கற. அதான் பிரச்சனையே.

— என்ன பாத்தேன்?

— விடு குட்டி. சனிக்கிழமை நீயே பாடு. டீச்சர் சொன்ன மாதிரி நீயே வந்து பாடு. மூணு பாட்டு. அதோட போதும்.

— என்னை மேடையிலேர்ந்து தள்ளிட்டு இப்ப பிச்சை போடறீங்களா? எனக்குக் காரணம் வேணும். பழக்கம், விரல், கை படியலன்னு கதை விடாதீங்க. என்னை ஒதுக்கினது அந்தப் பாட்டுக்காகத்தான?

— ஆமா.

— அதுல அப்படி என்ன இருக்கு?

— என்ன இருக்கா? நான் சொல்லட்டுமா? எனக்கு மனப்பாடம்டி. தூக்கத்துல எழுப்பினாலும் சொல்வேன்.
‘பை தோள்ல கனக்குது, சாவி கையில சுடுது,
பாதிப் படி இறங்கிட்டேன், மீதிப் படி கூப்பிடல,
எதையோ மறந்த மாதிரி எனக்கே நடிச்சுக் காட்டி
வந்த வழி ஏறிட்டேன், வீட்ல யாரும் பாக்கல.’
யாரும் பாக்கலையா? நீ பாத்திருக்க!

— நான் என்ன பாத்தேன் அண்ணி?

— நடிக்காத. அன்னிக்கு மத்தியானம் மாடி ரூம்ல இருந்திருக்க. கதவைச் சாத்திட்டு மூச்சுவிடாம பாத்திருக்க. வந்து ஒரு வார்த்தை ‘எங்க போறீங்க அண்ணி’ன்னு கேட்டிருந்தா, உன் மடியில விழுந்து அழுதிருப்பேன். கேக்கல. எடுத்து வெச்சுக்கிட்ட. மெட்டு போட்ட. அதுக்குத் தாளம் அடின்னு என் கையிலயே ஸ்டிக்கைக் குடுத்த.

— அண்ணி…

— சும்மா இரு. நான் பேசறேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்ப, என்கிட்ட முதல்ல ஒட்டினது நீ. உன் அண்ணன் பேசினதைவிட நீ பேசினதுதான் ஜாஸ்தி. துணி வெட்டற கத்திரியத் தவிர எதையும் பிடிக்காத கையில, ‘உங்களால முடியும் அண்ணி’ன்னு டிரம்ஸ் குச்சியக் குடுத்ததும் நீதான். கால்ல மெஷின் மிதிக்கறவங்களுக்குத் தாளம் தானா வரும்னு சொன்ன. உன்னை நம்பினேன். அந்த நம்பிக்கையத்தான் சரணம் சரணமா பிரிச்சு வெச்சிருக்க.

— நான் சொல்றதக் கொஞ்சம்…

— சனிக்கிழமை உன் அண்ணன் முன்னாடி வந்து உட்காருவாரு. நீ என் கதையப் பாடுவ, நான் பின்னாடி உட்கார்ந்து அதுக்கு அடிக்கணும். போன வாரம் ஷேவ் பண்ணிக்கிட்டே அந்தப் பாட்டை முணுமுணுக்கறாரு. ‘மீதிப் படி கூப்பிடல’ன்னு. தெரிஞ்சுதான் பாடறாரோன்னு அவர் கண்ணையே பாத்துட்டு நின்னேன். அவர் கண்ணாடியப் பாத்துட்டு இருந்தாரு.

— நீங்க போகப் பாத்தீங்களா? வீட்டை விட்டு?

— இன்னும் நடிக்கறியே!

— சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணி. இப்ப, இந்த நிமிஷம், நீங்க சொல்லித்தான் தெரியுது. மத்தியானத்துல நான் எப்ப வீட்ல இருந்திருக்கேன்? நான் எதையும் பாக்கல.

— என் கையப் பிடிச்சுச் சொல்லு.

— பிடிச்சிட்டேன். பாக்கல. கேக்கல. யாரும் சொல்லல. ஏன் அண்ணி போகப் பாத்தீங்க?

— அடிச்சாரா, திட்டினாரா? ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே இல்ல, அதான். ஒரே வீட்ல ரெண்டு பேர் வாடகைக்கு இருக்கற மாதிரி. பைய எடுத்தேன், இறங்கினேன். மழை வர்ற மாதிரி இருந்துச்சு. கொடியில துணி காயுதேன்னு ஏறி வந்தேன். எடுத்து மடிச்சு வெச்சேன். அவ்வளவுதான். நான் செத்தாலும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். இப்ப என் வாயாலயே உன்கிட்ட கொட்டிட்டேன்.

— என்கிட்டயே இருக்கும் அண்ணி. பாட்டாகாது.

— அப்ப அந்தப் பாட்டு யாரோட கதை?

— அத விடுங்க.

— எப்படி விடறது? பை, படி, சாவி… கற்பனையா வராது குட்டி. உன் மத்த பாட்டெல்லாம் எனக்குத் தெரியும். இதுல ஒரு ஆள் இருக்கு.

— சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். பாட்டா வேணா எழுதிக்கோ, பேரு மட்டும் வரக் கூடாதுன்னு அந்த ஆள் சொல்லுச்சு.

— யாருக்குப் பண்ணின சத்தியம்? டீச்சருக்கா?

— டீச்சர் இல்ல.

— இந்த வாசப்படியில நின்னது நான் இல்லன்னா வேற யாருடி?

— அண்ணன்.