கடிகார முள்ளைத் திருத்திய கை

அவைத் தலைவர் அவர்களே, ஓவியக் கூடத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, கலங்கிய கண்களோடு வந்திருக்கும் நண்பர்களே!

நகரத்தின் ஓவியர் என்று நீங்கள் போற்றிய பெருந்தகை போய்விட்டார். எங்கள் கூடத்தில் அவருக்குப் பெயர் 'விசாரணை அண்ணன்'. ஏன் அந்தப் பெயர்? எந்தக் கட்டடத்தை வரைவதானாலும், அங்கே வேலை பார்ப்பவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்டு வாங்காமல் தூரிகையைத் தொடமாட்டார். கேட்டதில் ஒரு துளியைப் படத்தில் வைத்துவிடுவார். நூலகப் படத்தில் ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறதே, எதற்காக? உள்ளே குட்டி போட்ட பூனைக்காக. நூலகர் அந்த ஜன்னலை ஒரு மழைக்காலம் முழுவதும் சாத்தவே இல்லை!

அப்படிப்பட்டவருக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். அதை இங்கே சொல்லாமல் வேறெங்கே சொல்வேன்?

நான் கூடத்தில் சேர்ந்த புதிது. மணிக்கூண்டுப் படம் மறுநாள் கண்காட்சிக்குப் போக வேண்டும். பார்த்தேன்; சுவரில் விழுவது காலை நிழல், கடிகாரமோ நாலு இருபது காட்டியது. அண்ணன் கவனிக்கவில்லை என்று நினைத்து, பெரிய மேதாவி மாதிரி, முட்களைப் பத்து பத்துக்கு மாற்றினேன். திறப்பு விழாவில் அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, போன வருடம் ஒரு பெண் கூடத்துக்கு வந்து மணிக்கூண்டுப் படத்தின் முன் நின்றாள். மணிக்கூண்டுக்குச் சாவி கொடுத்தவரின் மகள். அவள் பிறந்த அன்று அவர் மருத்துவமனைக்கு ஓடியதில் சாவி கொடுக்க மறந்துபோனார். சாயங்காலம் நாலு இருபதுக்கு நின்ற கடிகாரம், மறுநாள் காலை அண்ணன் வரைய உட்கார்ந்தபோதும் அப்படியே நின்றது.

"நான் பொறந்த நாள்ல நின்ன நேரம் இந்தப் படத்துல இருக்குன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு. இங்க பத்து பத்து இருக்கே" என்றாள். அந்த அப்பா அப்போது உயிரோடு இல்லை.

அண்ணன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "கை தவறிடுச்சும்மா, தப்பு என்னோடது" என்றார். நான் தூரிகைகளைக் கழுவத் திரும்பிக்கொண்டேன்.

அவள் போன பிறகு, இத்தனை நாள் ஏன் சரிசெய்யாமல் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ தீட்டினது. நீதான் எடுக்கணும். வார்னிஷ் மேலதான தீட்டியிருக்க? கீழ நாலு இருபது அப்படியே இருக்கு."

எடுத்தேனா? இல்லை. யார் மாற்றியது என்று நாலு பேர் கேட்பார்களே என்ற வெட்கத்தில் நாளைக் கடத்தினேன். அவர் முந்திக்கொண்டார். அவர் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். அந்த வேதனை என்னை விடாது.

அவர் விட்ட இடத்திலிருந்து இந்த நகரத்தைக் கேட்டுக் கேட்டு வரைவோம் என்று கூடத்தின் சார்பில் உறுதி கூறுகிறேன். ஆனால் புதுப்படத்தைத் தொடும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பெண் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். தப்பு அண்ணனுடையதல்ல அம்மா, என்னுடையது. நாளைக் காலை கூடத்துக்கு வா. உன் கண்ணெதிரே என் முட்களைத் துடைத்து எடுக்கிறேன்.