கூப்பிட்டா திரும்பணும்

அலோ... இல்லங்க, அப்பச்சி இல்ல, நான் தேனம்மை. உங்க அப்பச்சி போன்ல இருந்துதான் பேசுறேன்... மாமாவுக்கு ஒண்ணுமில்ல, அந்தா மருந்துக்கடை வாசல்ல நிக்கிறாக. பிள்ளைக்குத்தான்... காய்ச்சல் இல்லங்க. சொல்ல விடுங்க என்னைய.

தடுப்பூசி போடத்தான காரைக்குடி வந்தோம்... ஆமா, ஆமா, போட்டாச்சு. போட்டதும் டாக்டரம்மா விடலை. ஒண்ணரை வயசாகுதே, டாட்டா காட்டுறானா, அது வேணும் இது வேணும்னு விரலை நீட்டுறானா, அம்மா அப்பா சொல்றானான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாக... சொன்னேங்க, பதினோரு மாசத்துலயே நடந்துட்டான்னு பெருமையாத்தான் சொன்னேன். "நடை இருக்கட்டும்மா, கூப்பிட்டா திரும்புறானா"ன்னாக. அவுகளே பின்னாடி போய் நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டாக. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாக. இவன் சுவத்துல இருந்த யானைப் படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்.

...காது டெஸ்ட்டுங்க. மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டாக. பேச்சு வர்ற வயசு, தள்ளிப்போடாதீகன்னாக.

எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாகளா? பிள்ளை பேருதான். உங்க அப்பச்சிக்கு வச்ச பேரைத்தான இவனுக்கும்... ஆமா... ஆமால்ல! அந்தப் பேரைச் சொல்லி நம்ம வீட்டுல யாரு கூப்பிடுறா? மாமனார் பேரை நான் சொல்லவா முடியும்? புருசன் பேரை உங்க ஆத்தா சொல்லவா முடியும்? எல்லாருக்கும் அவன் ராசுதான! அய்யோ, என் மரமண்டைக்கு இது எட்டலையே! முருகா... வயித்துல பாலை வாத்தீகங்க... சிரிக்காதீக, இப்பத்தான் அழுது முடிச்சிருக்கேன்.

இருங்க, இருங்க. இப்பவே பாத்துருவோம். இங்குட்டு வேப்பமரத்தடியில விட்டிருக்கேன். எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எறும்பு பாக்குறான். வச்சிராதீக... ராசு!... ஏய் ராசு!

...இல்லங்க. எறும்பு மேல நெனப்பு... சத்தமாத்தான் கூப்பிட்டேன், உங்களுக்கே காது அடைச்சிருக்குமே... ராசூ!... கை தட்டுறேன், இருங்க...

பக்கத்துல இருக்க பிள்ளைக எல்லாம் திரும்பிப் பாக்குதுங்க. இவன் பாக்கலை.

...வீட்டுலயா? திரும்புவான், வீட்டுல நல்லா... இல்லங்க. வீட்டுல நாம முன்னாடி போயில்ல நிக்கிறோம். பிஸ்கட்டைக் காட்டிக்கிட்டுல்ல கூப்பிடுறோம்... கொஞ்சம் பேசாம இருங்க. எனக்குப் பயமா இருக்கு.

...யாரு வேணா என்ன வேணா சொல்லட்டும். முறையாவது மண்ணாவது... வள்ளியப்பா! டேய், வள்ளியப்பா!

...ஆமா. நான்தான். சொல்லிட்டேன்... உங்க அப்பச்சி திரும்பிட்டாகங்க. மருந்துச் சீட்டும் கையுமா நின்னு என்னையே பாக்குறாக... பிள்ளையா?

பிள்ளை திரும்பலைங்க.

...வர்றாக. இங்குட்டுத்தான் வர்றாக... ஏசலை. ஒரு வார்த்தை ஏசலைங்க. பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, "எனக்கு அம்புட்டுத் தூரத்துல கேட்டுச்சே ஆத்தா, இவனுக்குக் கேக்கலையே"ங்கறாக... அழுகாதீக. நீங்களும் அழுதா நான் எங்க போவேன்?

சரி... சரி. கோயமுத்தூர்ல இருந்து நேரா மதுரைக்கு வந்துருங்க. உங்க அப்பச்சி போனைக் கேக்குறாக, இப்பவே கார் சொல்லணுமாம். வைக்கிறேன்.