தெளிந்து போகும் சாக்கடை

கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கரி ரயிலில் எனக்கு எதிரே இருந்தவர் பக்கத்துச் சிநேகிதரிடம் சொன்னார்: "எங்க தெரு சாக்கடையத்தான் என் தங்கச்சி ஊரு குடிச்சுக்கினு இருந்துச்சு."

"இன்னாபா சொல்ற?"

"சாக்கடை கால்வாய்ல போய் வுழுது. ரெண்டு மைல் தள்ளி அவ ஊர்ல, அதே கால்வாய்ல ஊத்து தோண்டி மொள்றாங்க. வாந்திபேதி வந்து அவ பொண்ணு செத்துப் பூடுச்சி. நாலு வயசு."

சிநேகிதர் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அதுக்கப்புறந்தான் தெருவே சேர்ந்து குழி வெட்டுனோம். ஜல்லியும் மணலும் கொட்டி, கோரை நட்டோம். இப்போ சாக்கடை அதுல எறங்கி, தெளிஞ்சுதான் கால்வாய்க்குப் போவுது."

"தங்கச்சி பார்த்துச்சா?"

"நான்தான் கூட்டியாந்து காட்டுனேன். ரொம்ப நேரம் பார்த்துக்கினே நின்னா. 'முன்னமே செஞ்சிருக்கலாமேண்ணா'ன்னா. அப்புறம் எங்க ஊட்ல ஒரு வாய் தண்ணி குடிக்காம பூட்டா."