ஐந்து வினாடி வித்தியாசம்

என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்றுதான் இந்த வேலையை என்னிடம் கொடுத்தீர்கள். வாங்கிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, கையெழுத்துக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை, எல்லாம் லேப்டாப்பில் என்று. நான்கு வருடம் கழித்து இப்போதுதான் அதைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அதனால் கோடு போட்ட தாளில் நிதானமாக எழுதுகிறேன். தலைவர் ராசு அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவும்.

பெயர் கோகிலவாணி, ஊர் கச்சிராயபாளையம். கோமுகி அணையில் பாய்ப்படகு விடும் நம் சங்கத்தின் முடிவுப் பொறுப்பாளர். வெளியாள் யாராவது இதைப் படித்தால் சிரிப்பார்கள், அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கடல் கிடையாதுதான். ஆனால் கடற்படையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த ராசு அண்ணனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஐப்பசி மழையில் அணை நிரம்பினால் மாசி வரை தண்ணீர் நிற்கிறது, கல்வராயன் மலையிலிருந்து காற்று இறங்குகிறது, வேறென்ன வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டார். மொத்தம் ஏழு படகு. பருவத்துக்குப் பன்னிரண்டு ஞாயிறு போட்டி. பருவத்தில் முதலாவதாக வருபவருக்குக் கோப்பை, அதோடு சங்கத்தின் சார்பாகச் சென்னைப் போட்டிக்குப் போகும் உரிமை.

என் வேலை புங்கமரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருவது. ஒவ்வொரு படகும் கோட்டைத் தாண்டும்போது அதன் எண்ணைத் தட்டினால் போதும். நேரத்தைக் கணக்குப் பார்த்து, இடம் போட்டு, வாட்ஸப் குழுவுக்கு அனுப்புவது வரை மென்பொருளே செய்துவிடும். ஒரு தாள் அச்செடுத்து டீக்கடைச் சுவரில் ஒட்டுவது மட்டும் நான்.

இதில் ‘கழிவு’ என்று ஒன்று உண்டு. எல்லாப் படகும் ஒன்றுபோல ஓடாது. முகம்மது கவுஸ் அண்ணனுடையது வடக்கனந்தல் ஆசாரி செய்த பழைய ஒட்டுப்பலகைப் படகு. என் வீட்டுக்காரர் வீரமுத்துவினுடையது வழவழவென்ற ஃபைபர் படகு. அதனால் ஒரு மணி நேர ஓட்டத்துக்குக் கவுஸ் அண்ணனுக்கு இரண்டு நிமிடம் கழித்துக்கொள்ள வேண்டும் என்று நீங்களே தீர்மானம் போட்டீர்கள். அந்த இரண்டு நிமிடத்தை மென்பொருளில் ஏற்றியது நான். ஏற்றத் தெரிந்தவளுக்கு மாற்றவும் தெரியும் என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

விசாரணைக் குழு என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு போட்டிக்கும் எதிரே அச்சில் வராத ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் 185, 210, 10 என்று எண்கள் இருக்கின்றனவே, அவை என்ன என்று. வரிசையாகச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் மகள் சுபஸ்ரீ கல்யாணமாகி ஓசூர் போன பிறகு வீட்டில் சத்தம் என்றால் மிக்ஸி போட்டால்தான். என் வீட்டுக்காரர் தங்கமானவர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. பேச்சும் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். காலையில் “மோட்டார் போட்டுட்டு வரேன்”, மத்தியானம் “சோத்த போடு”, சாயங்காலம் “கரும்புக்குத் தண்ணி பத்தல”. இருபத்துநான்கு வருடக் குடித்தனம் இந்த மூன்று வாக்கியத்தில் ஓடியது. எனக்கு ரொம்பத் தனியாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல ஆள் இருந்தால்தானே.

முதல் பருவத்தின் முதல் ஞாயிறு அவர் ஜெயித்தார். நான் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். எல்லோரும் அவரைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பிரியாணி சாப்பிடப் போனீர்கள், ஞாபகம் இருக்கும். நாலு மணிக்கு வந்தார். “பசிக்கல” என்றார். குறட்டை விட்டார். குறிப்புக் கட்டத்தில் 0 என்று இருப்பது அந்த நாள்தான்.

அடுத்த ஞாயிறு அவர் தோற்றார். உண்மையாகவே தோற்றார், நான்கு வினாடியில். நேராக வீட்டுக்கு வந்து, நேராக அடுப்படிக்கு வந்தார். இருபத்துநான்கு வருடத்தில் அந்த வாசற்படியை அவர் தாண்டியதே கிடையாது. கூடையிலிருந்த வெங்காயத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

“இந்தா பாரு வாணி. இது மெதவ, படகு சுத்தித் திரும்பற எடம். இந்தக் கத்திரிக்கா நானு. கவுஸு இங்க வந்துக்கினு இருக்கறான். காத்து எங்கேர்ந்து வருது, சொல்லு.”

“மலப் பக்கத்துலேர்ந்துங்க.”

“அதான் மேட்டரு. நான் இன்னா பண்ணியிருக்கணும், ஒரு ரெண்டு மொழம் தள்ளித் திரும்பியிருக்கணும். மண்டைல ஏறல.”

பேசிக்கொண்டே அந்த வெங்காயத்தை உரித்துக் கொடுத்தார். பூண்டும் உரித்தார். என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நான் ‘உம்’ கொட்டினால் போதாது என்று “இன்னா, புரியுதா இல்லியா” என்று கேட்டுக்கேட்டுப் பேசினார். ஓய்ந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். நூற்று எண்பத்தைந்து நிமிடம். அதைத்தான் குறித்து வைத்தேன். அளந்ததைக் குறிப்பதுதானே என் பொறுப்பு.

மூன்றாவது ஞாயிறு அவர் கவுஸ் அண்ணனுக்கு மூன்று நிமிடம் முன்னால் வந்தார். இரண்டைக் கழித்தாலும் ஒரு நிமிடத்தில் ஜெயித்தாயிற்று. ராசு அண்ணன் அப்போதே பிரியாணிக்கு வண்டி சொல்ல போனை எடுத்துவிட்டார். நான் கவுஸ் அண்ணனின் கழிவை மூன்று நிமிடம் ஐந்து வினாடியாக மாற்றி, ‘வெளியிடு’ பொத்தானை அழுத்தினேன். வெளியிட்டதும் பழையபடி இரண்டு நிமிடமாகத் திருத்தி வைத்தேன். தாளில் கழித்த பிறகு வரும் நேரம் மட்டும்தான் இருக்கும். எவ்வளவு கழித்தது என்று யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் அவரவர் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்றுதான் பார்த்தீர்கள்.

அன்றைக்கு இருநூற்றுப் பத்து நிமிடம்.

நான் அவசரக்காரி இல்லை என்பதற்குக் குறிப்புக் கட்டமே சாட்சி. ஒரு வாரம், வழக்கமாக மூன்றாவதாக வரும் பிரவீன்குமார் சாருக்கும் கொஞ்சம் கழிவு கொடுத்து, இவரை மூன்றாவதாக்கிப் பார்த்தேன். பத்து நிமிடம் பேசிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது, அதோடு அதை விட்டுவிட்டேன். இன்னொரு வாரம் இரண்டாவதுதான், ஆனால் ஒரு நிமிட வித்தியாசம். “அவன் நல்லா ஓட்டுனான்” என்று பெருந்தன்மையாக முடித்துவிட்டார். பெருந்தன்மை நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. மூன்று வினாடியிலிருந்து ஏழு வினாடிக்குள் தோற்றால்தான் மனுஷனுக்குப் பேச்சு ஊறுகிறது. ஐந்து வினாடி உத்தமம்.

நான்கு பருவம், நாற்பத்தெட்டுப் போட்டி. அதில் முப்பத்தொன்பதில் கை வைத்திருக்கிறேன். முப்பத்துமூன்று அவர் ஜெயித்தவை. மீதி ஆறில் நிஜமாகவே தோற்றார், ஆனால் அதிக வித்தியாசத்தில். அதைக் குறைத்து ஐந்து வினாடியாக்கிக் கொடுத்தேன். குழு இதை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘வேலியே பயிரை மேய்ந்துவிட்டது’ என்று ராசு அண்ணன் வாட்ஸப் குழுவில் எழுதியிருந்தார். அப்படியெல்லாம் இல்லை. பயிரை நான் எவ்வளவு நன்றாகக் கவனித்துக்கொண்டேன் என்று ஊருக்கே தெரியும். எடை குறைந்தால் படகு வேகமாகப் போகும் என்று அவர் ராத்திரிச் சோற்றை விட்டபோது, நான் கேழ்வரகுக் கூழ் காய்ச்சிக் கொடுத்தேன். எருமையை விற்றுப் புதுப் பாய் வாங்கினார், நான் தடுக்கவில்லை. காற்றைத் தடுக்கிறது என்று மீசையை எடுத்தார். கல்யாணத்தன்றுகூட முறுக்கிவிட்டிருந்த மீசை. அன்றைக்கும் ஐந்து வினாடி. அடுப்படியில் உட்கார்ந்து மழுமழுவென்ற உதட்டைத் தடவிக்கொண்டே, “வாணி, எனக்கு ரெண்டாவதுன்னுதான் எழுதியிருக்குதா?” என்று கேட்டார். “வுடுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்றேன். தலையைத் தடவிக்கூடக் கொடுத்தேன். அன்று இருநூற்று நாற்பது.

கவுஸ் அண்ணன் மூன்று தடவை சென்னைக்குப் போய், மூன்று தடவையும் கடைசியாக வந்தார். “இங்க ஜெயிக்கிறேன், அங்க போனா இன்னா ஆவுது எனக்கு?” என்று பாவம் குழம்பினார். அவருக்காக வருத்தப்பட்டேன்.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். இந்தப் பருவத்தில் குறிப்புக் கட்டத்தைப் பாருங்கள். நூற்றுத் தொண்ணூறு, நூற்று நாற்பது, அறுபது, பதினைந்து. பதினோராவது ஞாயிறு வந்து “ரெண்டாவதா? சரி, சோத்த போடு” என்றார். வெங்காயம் கூடையிலேயே கிடந்தது. படகை விற்றுவிடலாம் என்று வேறு பேச்செடுத்தார். ஒரு முறை ஜெயிக்க விடலாமா என்றுகூட யோசித்தேன். அந்த முதல் ஞாயிற்றுக் குறட்டை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாவது ஞாயிறுதான் கடைசிப் போட்டி. அன்று கரையில் கவுஸ் அண்ணனின் மனைவி நூர்ஜகான் அக்கா போனில் வீடியோ எடுத்தார். மறுநாள் காலை கவுஸ் அண்ணன் ஒரு சாக்குப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கள்ளக்குறிச்சியில் அவர் வைத்திருப்பது ஆணி, கம்பி எடைபோட்டு விற்கிற கடை. பையைக் கூடத்தில் கவிழ்த்தார். நான்கு கோப்பைகள் உருண்டன.

“தங்கச்சி, கோச்சிக்காத. நேத்து உம் புருசன் எனக்கு மூணர நிமிசம் முன்னாடி போயிட்டாரு, வீடியோல கீது. எனக்குக் கழிவு ரெண்டு நிமிசம். அப்ப ஒன்றர நிமிசத்துல நான் தோத்துட்டேன். சீட்டுல நான் அஞ்சு செகண்டுல ஜெயிச்சதா கீது. கல்லு கம்மியா இருந்தா தராசு புடிக்கிறவனுக்குத் தெரியாதா? நான் ஜெயிக்காத கோப்ப எனக்கு வேணாங்க.”

ஜெயித்தவரே தான் ஜெயிக்கவில்லை என்று புகார் கொடுத்தது நம் சங்கத்தில்தான் நடக்கும்.

டிவி பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

“வாணி, இன்னா இது?”

“கழிவ மாத்தினேங்க.”

“எத்தினி வாட்டி?”

“முப்பத்தொம்போது.”

கோப்பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மீசயக்கூட எடுத்தனேடி” என்றார். “நான் எதுக்கும் லாயக்கில்லாதவன்னு நெனச்சிக்கினு இருந்தேன், நாலு வருசமா.” அவர் கண் கலங்கியது. கவுஸ் அண்ணன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டார்.

அதன் பிறகு இவர் பேச ஆரம்பித்தார். எந்த ஞாயிறு எந்தத் திருப்பத்தில் எப்படி ஓட்டினார், நான் அதை எப்படிக் கெடுத்தேன் என்று ஒவ்வொரு போட்டியாக. வெங்காயம் போதாமல் உருளைக்கிழங்கும் வந்தது. திட்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துத் திட்டினார். அன்றைக்கு முந்நூற்றுப் பத்து நிமிடம். நான்கு பருவத்தில் அதுதான் உச்சம்.

குழுவில் உள்ளவர்கள் கெட்டிக்காரர்கள். கழிவை மாற்றும் அளவுக்கு எச்சரிக்கையானவள், கரையில் பக்கத்தில் நின்று ஒரு அம்மா வீடியோ எடுப்பதை எப்படிப் பார்க்காமல் விட்டாள் என்று கேட்பீர்கள். பார்க்காமல் இல்லை. “அக்கா, ரெண்டு பேரு கோட்ட தாண்டுறதயும் சேத்து எடுங்க, டைம் தெரியற மாதிரி எடுங்க, அண்ணன்கிட்ட மறக்காம காட்டுங்க” என்று சொன்னது நான்தான். படகை விற்கப் போகிறேன் என்ற மனுஷனை வேறு எப்படிப் பேச வைப்பது?

ஆகவே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். மாற்றியதும் நான், காட்டிக்கொடுத்ததும் நான். லேப்டாப்பையும் கடவுச்சொல்லையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். நான்கு கோப்பையும் என் வீட்டுக்காரருக்கே கொடுங்கள், அடுத்த மாதம் சென்னைக்கும் அவரையே அனுப்புங்கள். படகை விற்கிற எண்ணத்தை விட்டுவிட்டார், மீசையும் வளர்க்கிறார். எனக்கென்று நான் எதுவும் செய்துகொள்ளவில்லை, எல்லாம் அவருடைய சந்தோஷத்துக்காகத்தான் என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

ஒரே ஒரு உதவி. அவருடைய கோபம் நாளுக்கு நாள் தணிந்துகொண்டு வருகிறது. முந்தாநாள் தொண்ணூற்றைந்து நிமிடம், நேற்று நாற்பது, இன்று மத்தியானம் வெறும் “சோத்த போடு”. ராசு அண்ணனுக்குச் சென்னைப் பக்கம் நிறையப் பழக்கம் உண்டு. அங்கே போட்டியில் லேப்டாப் முன்னால் உட்காரும் அம்மா யார் என்று விசாரித்து, அவருடைய போன் நம்பரை மட்டும் எனக்கு வாங்கித் தரவும்.