கை குடுத்தவன்

உங்க பொலிஸ் ஸ்டேசன் தேத்தண்ணி நல்லா இருக்கு சார். சீனிதான் கொஞ்சம் கூடிப்போச்சு. பரவாயில்ல, குடிச்சிடுவேன். நேத்துக் கேட்டதையே இன்னைக்கும் கேக்கிறீங்க. எனக்கும் அலுத்துப்போச்சு, உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். அதனால இன்னைக்கு முழுசா சொல்லிடுறேன். ஆனா பொக்சிங்ல இருந்துதான் ஆரம்பிக்கணும். அது இல்லாம இது உங்களுக்கு விளங்காது.

நாவலப்பிட்டியில றிஸ்வி நானாவோட தேத்தண்ணிக் கடை தெரியும்தானே. பின்னேரமானா நானும் வீரையாவும் அங்கதான். அவன் ரயில் ரோட்டுல சம்மட்டி அடிச்சு பென்சன் எடுத்தவன். நான் துணிக்கடையில முழம் போட்டே முதுகு வளைஞ்சவன். சின்ன வயசுல இருந்தே கூட்டாளிங்க. அவன் சாகிற வரைக்கும் கூட்டாளிங்கதான், அதையும் எழுதிக்குங்க.

நாங்க பேசினது நடக்காத ஒரு குத்துச்சண்டையைப் பத்தி. ரெண்டு ஹெவிவெயிட்காரனுங்க. ஒருத்தன் ஓய்ஞ்ச பிறகுதான் மற்றவன் வந்தான், அதனால ரெண்டு பேரும் மோதினதே இல்ல. ஒருத்தன் இடிக்காரன். ஒரு குத்து விட்டான்னா எதிராளி விழுந்துதான் ஆகணும். மற்றவன் ஆட்டக்காரன். தொட்டுட்டு விலகுவான், சுத்த வைப்பான், பேய்க்காட்டி ஏமாத்துவான். மோதினா யாரு ஜெயிப்பான்? வீரையாவுக்கு இடிக்காரன். எனக்கு ஆட்டக்காரன். வேலை வெட்டி இல்லாத பேச்சுன்னு நினைப்பீங்க, சரிதான். ஆனா மனுசனுக்கு வேற என்ன இருக்கு சார், அந்த வயசுல.

நான் நியாயத்தோடதான் பேசுவேன். இடிக்காரனுக்கு மூச்சு தாங்காது. அவ்வளவு உடம்பைத் தூக்கிக்கிட்டு நாலு ரவுண்டு துரத்தினா அஞ்சாவதுல வாயைப் பொளந்துடுவான். அதுக்குப் பிறகு அவனை அடிக்கக்கூடத் தேவையில்ல, நடக்க விட்டாப் போதும். குத்து இல்ல சார் விசயம், மூச்சு. இதை நான் எத்தனையோ விதமா எடுத்துச் சொல்லியிருக்கேன். அவன் ஒரு வாய் வெத்திலையைத் துப்பிட்டு, "ஒண்ணு பட்டாப் போதும் மச்சான்"னு சொல்லுவான். கடை முழுக்கச் சிரிக்கும். அவ்வளவுதான் அவனோட நியாயம்.

அந்தக் கடையில ஒரு பழக்கம் இருக்கு. வாக்குவாதத்துல தோத்தவன் கை குடுக்கணும். எலெக்சனோ கிரிக்கெட்டோ, எதுவா இருந்தாலும் தோத்தவன் கையை நீட்டுவான், ஜெயிச்சவன் பிடிச்சுக் குலுக்குவான், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சது. "கை குடுத்துட்டான்"னா தோத்துட்டான்னு அர்த்தம். நான் எல்லாருக்கும் கை குடுத்திருக்கேன், வீரையாவுக்கு எத்தனை தடவைன்னு கணக்கே இல்ல. அவன் எனக்கு ஒரு தடவைகூடக் குடுத்ததில்ல.

அதுகூடப் பெரிசில்ல. போன மாசம் எல்லாரும் இருக்கும்போது ஒரு வார்த்தை சொன்னான். "ஜெயராஜுக்கு ஏன் ஆட்டக்காரனைப் பிடிக்குது தெரியுமா? இவனும் அடிக்குப் பயந்து ஓடுறவன். வாழ்க்கை பூரா யாரையாவது எதுத்து நின்னிருக்கானா?" கடை சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய்ச் சோத்தைப் பிசைஞ்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், இறங்கல. ஒரே ஒரு தடவை அவன் கை குடுத்தாப் போதும்னு இருந்துச்சு.

அவனுக்கு வீசிங் இருந்தது உங்களுக்குத் தெரியும். சட்டைப்பையில எப்பவும் அந்தப் பம்ப் இருக்கும். மழைக் குளிர் பட்டா, மேடு ஏறினா, வாயில வச்சு ரெண்டு அடி அடிப்பான், சரியாகிடும். நேத்து நான், அவன் படியில விழுந்து கிடக்கும்போதுதான் அந்தப் பக்கம் வந்தேன்னு சொன்னேன். அது பொய். நாங்க சேர்ந்துதான் போனோம். அந்த ஞாயித்துக்கிழமை கடையில அவன் முகம் கழுவப் பின்னால போனப்போ சட்டையைக் கழட்டிக் கதிரையில போட்டிருந்தான். பம்பை நான் எடுத்து என் பையில வச்சுக்கிட்டேன். திருடினதுன்னு எழுதாதீங்க. திருப்பிக் குடுக்கத்தான் எடுத்தேன்.

அவன் வீட்டுக்கு ஆட்டோ போற ரோட்டும் இருக்கு, ரயில் லைனுக்கு அங்கிட்டு மேடு ஏறுற படியும் இருக்கு. மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. படியில போவோம்னு நான்தான் சொன்னேன். போற வழியில அந்தப் பொக்சிங் பேச்சையும் நான்தான் எடுத்தேன். நான் சொல்லச் சொல்ல அவன் சத்தமா மறுத்துச் சொல்லிக்கிட்டு ஏறுறான். நான் குடையோட ஒரு படி முன்னால. அவன் கிட்ட வந்தா நான் இன்னொரு படி. எனக்கு ஒரு அவசரமும் இல்ல. பாதி தூரத்துல அவன் பேச்சு நின்னுது. நெஞ்சு விசில் அடிக்குது. சட்டைப்பையைத் தடவுறான், கால்சட்டைப் பையைத் தடவுறான், மறுபடி சட்டைப்பை. அப்பதான் நான் சொன்னேன், பாத்தியா மச்சான், மூச்சுதான் விசயம்னு.

அவனை நான் தொடல சார். டொக்டர்கிட்ட வேணும்னா கேளுங்க, உடம்புல ஒரு கீறல் இருக்காது. வாழ்க்கையில யாரையும் நான் கை நீட்டி அடிச்சதில்ல.

அவன் படியில உக்காந்தான். உதடு நீலமாகிட்டு வந்துச்சு. என் பையில பம்ப் மேடு தட்டி நிக்கிறதைப் பாத்துட்டான்னு நினைக்கிறேன், கண்ணு அங்கதான் இருந்துச்சு. நான் காத்துக்கிட்டு இருந்தேன். சாகட்டும்னு இல்ல, அந்த ஒண்ணுக்காகத்தான். பிறகு அவன் கையை நீட்டினான். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னான்.

"கை... குடு... மச்சான்."

நான் பிடிச்சுக் குலுக்கினேன். நல்லா இறுக்கிப் பிடிச்சான், அந்தச் சம்மட்டிக் கை. அவ்வளவு இறுக்கமா யாரும் எனக்குக் கை குடுத்ததில்ல. எனக்கு அழுகையே வந்துடுச்சு. பிடி தளர்ற வரைக்கும் விடல. அதுக்குப் பிறகுதான் பம்ப் ஞாபகமே வந்துச்சு, அப்ப அதுக்கு வேலை இல்ல. மழை விட்டிருந்துச்சு, அவன் சட்டைப்பையில திருப்பி வச்சேன். சட்டை நனைஞ்சு கிடந்துச்சு, பம்ப் மட்டும் காஞ்சு இருந்துச்சுன்னு நீங்க கண்டுபிடிச்சீங்களே, அது கெட்டித்தனம். நான் அதை யோசிக்கல.

சவ வீட்டுல அவன் மக நிஷாந்தினி என் பக்கத்துல வந்து உக்காந்தா. "மாமா, அப்பாவைக் கண்டப்போ உசிரு இருந்துச்சா? கடைசியா ஏதும் சொன்னாரா?"ன்னு கேட்டா. அதுல மட்டும் நான் பொய் சொல்லல. "கை குடுன்னு கேட்டான் பிள்ளை, குடுத்தேன்"னேன். அவ என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு அழுதா. கடைசி நேரத்துல அப்பாவுக்கு நீங்களாச்சும் உதவிக்கு இருந்தீங்களே மாமான்னா.

பாவம், அந்தப் பிள்ளைக்கு எங்க கடைப் பழக்கம் தெரியாது. அந்த வார்த்தையைத் தப்பா விளங்கிக்கிட்டா. நீங்க சரியா எழுதிக்குங்க சார். எழுதி முடிச்சதும் றிஸ்வி நானாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க, வீரையா எனக்குக் கை குடுத்துட்டான்னு.